மேற்கையில் கட்டும் ரத்த அழுத்தக் கருவி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் தாயாருக்காக வாங்கிய ரத்த அழுத்தக் கருவி, இன்று எங்கள் குடியிருப்பில் உள்ள ஒன்பது முதியவர்களுக்குப் பொதுவாகிவிட்டது. மேற்கையில் பட்டையைச் சுற்றி ஒரு பொத்தானை அழுத்தினால், தானாகவே காற்றை ஏற்றி இறக்கி, மேல் அளவையும் கீழ் அளவையும் நாடித்துடிப்பையும் திரையில் காட்டும் சாதாரண மின்னணுக் கருவிதான் அது. பல நிறுவனங்கள் ஏறக்குறைய இதே அமைப்பில் இதைத் தயாரிக்கின்றன. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகை முழுமைக்கும் பொருந்தும் என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. முதியவர்கள் உள்ள வீட்டில் இது தேவைதானா என்று கேட்பவர்களுக்கு, கட்டாயம் தேவை என்பதே என் பதில். ஆனால் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமலும், அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரும் பழக்கம் இல்லாமலும் இந்தக் கருவியால் நன்மையைவிடக் குழப்பமே அதிகம் விளையும் என்பதையும் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது எண்பத்தோரு வயது. ரத்த அழுத்தம் இருபது ஆண்டுகளாகவும் நீரிழிவு பதினைந்து ஆண்டுகளாகவும் இருக்கின்றன. முழங்கால் வலி எப்போது தொடங்கியது என்பது அவருக்கே நினைவில்லை. மருத்துவரிடம் போகும்போதெல்லாம் மேல் அளவு 160க்கு மேல்தான் இருக்கும். ஒருமுறை 168/82 என்று வந்தபோது மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த பத்து நாட்களுக்குள், காலையில் படுக்கையிலிருந்து எழும் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினார். "கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும்" என்று அவர் சொன்னதை வயதின் தளர்ச்சி என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் விடியற்காலையில் குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த அவரைக் கண்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடி எதுவும் படாதது எங்கள் நல்ல காலம். அன்று மாலையே கருவி வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டில் அளப்பதற்கென்று மருத்துவ உலகம் ஒரு முறையை வகுத்திருக்கிறது. தொடர்ந்து ஏழு நாட்கள், காலையில் மாத்திரை போடுவதற்கு முன்பு இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிட இடைவெளி என்று எடுத்து, முதல் நாள் அளவுகளை ஒதுக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். ஏழு நாட்கள் முடியாவிட்டால் மூன்று நாட்களாவது எடுக்க வேண்டும். முதல் நாளை ஒதுக்குவதற்குக் காரணம் இருக்கிறது: கருவி புதிது, என்ன காட்டுமோ என்ற பதற்றமும் புதிது. அம்மாவுக்கு முதல் நாள் 156, 151 என்று வந்த மேல் அளவு நான்காம் நாளில் 133 ஆகிவிட்டது. வாரக் கடைசியில் சராசரி 134/72. மருத்துவரின் அறையில் 140/90 என்பது உயர் ரத்த அழுத்தத்தின் எல்லை என்றால், வீட்டில் எடுக்கும் அளவுக்கு அந்த எல்லை 135/85 ஆகும். ஆக, வீட்டில் இருக்கும்போது அம்மாவின் ரத்த அழுத்தம் எல்லைக்குள்தான் இருந்தது. மருத்துவரைப் பார்த்த பதற்றத்தில்தான் அது மேலே போயிருக்கிறது.

கருவியின் பயன் எனக்கு முழுமையாக விளங்கியது அடுத்த அளவில்தான். ஐந்து நிமிடம் படுத்திருந்த அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்தோம். 134 இருந்த மேல் அளவு முதல் நிமிடத்திலேயே 106க்கு இறங்கியது. எழுந்து நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால் அதை நிலைமாற்றத் தாழ் அழுத்தம் என்கிறார்கள். முதியவர்கள் தடுக்கி விழுவதற்கும் இடுப்பெலும்பு முறிவதற்கும் இது முக்கியக் காரணங்களில் ஒன்று. நீண்ட கால நீரிழிவு, ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் தன்னியக்க நரம்புகளைப் பாதிப்பதால் இந்தக் குறை வருகிறது. ரத்த அழுத்த மாத்திரைகளாலும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்காகக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளாலும் இது கூடுகிறது. மருத்துவர் அறையில் உட்கார்ந்த நிலையில் ஒரே ஒரு முறை எடுக்கும் அளவில் இது தெரிய வாய்ப்பே இல்லை.

நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனோம். மருத்துவர் அதை ஒரு பக்கம் விடாமல் புரட்டிப் பார்த்தார். அவருடைய கருவியிலும் அம்மாவை நிற்க வைத்து அளந்து உறுதி செய்துகொண்டு, கூட்டிய மாத்திரையைப் பழைய அளவுக்கே குறைத்து, மற்றொன்றை இரவுக்கு மாற்றினார். மூன்று வாரங்களில் அம்மா சுவரைப் பிடிப்பதை விட்டுவிட்டார். மாத்திரையை நாங்களாகக் குறைக்கவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கருவி எண்களைக் கொடுக்கும். அந்த எண்களின் பேரில் முடிவெடுக்க வேண்டியவர் மருத்துவர். திரையில் 118 என்று வந்ததும் அன்றைய மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடும் பெரியவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். மாத்திரை போட்டதால்தான் 118 வந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி, கருவியைப் பற்றி. இதில் மிக முக்கியமான பகுதி திரையோ பொத்தானோ அல்ல, கைப்பட்டைதான். வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெட்டியோடு வரும் பட்டை பொதுவாக 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள மேற்கைக்கு உரியது. எங்கள் மாடியில் குடியிருக்கும் பெரியம்மாவின் மேற்கைச் சுற்றளவு 37 சென்டிமீட்டர். அவருக்கு அதே பட்டையைச் சுற்றியபோது ஒட்டும் பகுதி இரண்டு விரல் அகலத்துக்குத்தான் பிடித்தது. காற்று ஏறும்போது கரகரவென்று பிரிந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். 164 என்று காட்டியது. பெரிய பட்டையை வரவழைத்து அளந்தபோது 152. அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது உண்மைதான். ஆனால் அது எவ்வளவு என்பதில் பட்டை 12 புள்ளிகளைக் கூட்டிக் காட்டிவிட்டது.

இது எங்கள் அனுபவம் மட்டும் அன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 195 பேரிடம் நடத்தப்பட்டு 2023ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு 4.8 புள்ளிகள் கூடின. மெலிந்த கையுடையவர்களுக்கோ 3.6 புள்ளிகள் குறைந்தன. இந்த 19 புள்ளிகள், நோயே இல்லாத ஒருவரை வாழ்நாள் முழுவதும் மாத்திரை சாப்பிட வைக்கப் போதுமானவை. ஆகவே கருவி வாங்கப் போவதற்கு முன், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஓர் அளவுநாடாவைச் சுற்றிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 22 முதல் 42 வரை பொருந்தும் பட்டையோடு வரும் கருவிகளும் இருக்கின்றன; பலர் பயன்படுத்தப் போகும் இடமாக இருந்தால் அதுவே நல்லது. வேறு நிறுவனத்தின் பட்டையை மாட்டக் கூடாது. குழாயின் முனை பொருந்தினாலும் கணக்கு பொருந்தாது.

கணக்கு என்று நான் சொல்வதற்குக் காரணம், இந்தக் கருவி ரத்த அழுத்தத்தை நேரடியாகக் கேட்பதில்லை என்பதே. 1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் பட்டை கட்டி அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்கும் முறையைச் சேர்த்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவர்கள் பாதரசக் கம்பத்தைப் பார்த்தபடி கேட்டுவந்தது அந்த ஒலியைத்தான். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2013இல் ஏற்கப்பட்ட மினமாட்டா சர்வதேச உடன்படிக்கைக்குப் பின் பாதரசக் கருவிகள் படிப்படியாக விலகிவருகின்றன. நம் வீட்டுக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் உள்ள காற்று, நாடியின் ஒவ்வொரு துடிப்புக்கும் மிக மெல்லியதாக அதிர்வதை உணர்ந்து, அந்த அதிர்வு எங்கே உச்சத்தைத் தொடுகிறது என்பதிலிருந்து சராசரி அழுத்தத்தைக் கண்டு, மேல் அளவையும் கீழ் அளவையும் நிறுவனத்தின் சொந்தச் சூத்திரத்தால் கணித்துச் சொல்கிறது. சூத்திரம் நன்றாக இல்லையென்றால் திரை எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

இதனால்தான் சரிபார்க்கப்பட்ட கருவியை வாங்க வேண்டும் என்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 81060-2 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுக்கும் அளவோடு குறைந்தது 85 பேரிடம் கருவியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சராசரி வேறுபாடு 5 புள்ளிகளுக்குள்ளும், திட்ட விலக்கம், அதாவது அந்த வேறுபாடு ஆளுக்கு ஆள் எவ்வளவு சிதறுகிறது என்ற அளவு, 8 புள்ளிகளுக்குள்ளும் இருக்க வேண்டும். அப்படித் தேறிய கருவிகளின் பட்டியலை 'ஸ்ட்ரைட் பி.பி.' என்ற அமைப்பு இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மாதிரி எண்ணை அதில் தேடிப் பார்த்துவிட்டு வாங்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. தேறிய கருவியிலும் ஐந்து புள்ளி வேறுபாட்டுக்கு இடமுண்டு என்பதால், நேற்று 132, இன்று 136 என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

அதைவிடப் பெரிய பிழைகளை நாமே செய்கிறோம். கையைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டோ தொங்கவிட்டுக்கொண்டோ அளப்பதுதான் எங்கும் காணும் பழக்கம். 2024இல் வெளியான மற்றோர் ஆய்வு, கையை மேசை மேல் நெஞ்சளவு உயரத்தில் தாங்கி வைத்து எடுக்கும் அளவைவிட, மடியில் வைத்து எடுத்தால் மேல் அளவு சராசரியாக 3.9 புள்ளிகளும், பக்கவாட்டில் தொங்கவிட்டு எடுத்தால் 6.5 புள்ளிகளும் கூடுதலாகக் காட்டுவதாகக் கண்டது. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதங்கள் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால் மேல் கால் போடக் கூடாது, சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்கார வேண்டும், அரை மணி நேரத்துக்குள் புகை பிடித்திருக்கக் கூடாது, சட்டைத் துணியின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பேசக் கூடாது. எங்கள் வீட்டில் கடைப்பிடிக்க மிகக் கடினமாக இருந்தது இந்தக் கடைசி விதிதான். அம்மா பட்டையைக் கட்டியதும்தான் முந்தைய நாள் சொல்ல மறந்ததை எல்லாம் சொல்லத் தொடங்குவார். பேசியபடி எடுத்த ஓர் அளவையும் பேசாமல் எடுத்த ஓர் அளவையும் அருகருகே எழுதிக் காட்டிய பிறகுதான் அவர் வாயை மூடிக்கொண்டார்.

வடிவமைப்பில் உள்ள குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. இந்தக் கருவியை வாங்குபவர்களில் பாதிப் பேருக்காவது விரல் மூட்டுகளில் வலியோ கை நடுக்கமோ கண்புரையோ இருக்கும் என்பதை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகவே தெரியவில்லை. அம்மா ஒரு காலையில் தனியாகப் பட்டையைக் கட்டிக்கொள்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பட்டையின் ஒரு முனையை உலோக வளையத்துக்குள் நுழைத்து வைத்திருந்தோம். அதன் வழியே இடது கையை நுழைத்து முழங்கைக்கு மேல் ஏற்ற வேண்டும். முழங்கையின் மடிப்பிலிருந்து இரண்டு விரல் அகலம் மேலே நிற்க வேண்டிய பட்டை, அவர் வலக்கையால் முனையை இழுக்கும்போதெல்லாம் கீழே சரிந்தது. குழாய் கையின் உட்புறம் வர வேண்டியதற்குப் பதில் வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டது. மூன்றாவது முறை இழுத்தபோது மூட்டு வலியில் விரலை உதறினார். பட்டையைக் கட்டி முடிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. உடனே பொத்தானை அழுத்தப் போனவரைத் தடுத்து ஐந்து நிமிடம் உட்கார வைத்தோம். இல்லாவிட்டால் கருவி அளந்திருப்பது அந்தப் போராட்டத்தைத்தான்.

சற்று விறைப்பான, கைக்குள் வளையலைப் போல நுழைத்துக்கொள்ளும் பட்டை தனியாக வாழும் முதியவர்களுக்கு உகந்தது. இரண்டாவது கருவி வாங்கும்போது அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அம்மாவால் இப்போது ஒரு நிமிடத்தில் கட்டிக்கொள்ள முடிகிறது.

திரையில் மேல் அளவும் கீழ் அளவும் பெரிதாகத் தெரிகின்றன; நாடித்துடிப்பும் நேரமும் எறும்பு அளவில்தான் இருக்கின்றன. ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வண்ணப் பட்டை உண்டு. அது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. 136 வந்தாலும் மஞ்சள், 170 வந்தாலும் சிவப்பு என்று காட்டும் அந்த வண்ணம், மருத்துவர் ஒவ்வொருவருக்கும் வயதையும் மற்ற நோய்களையும் பார்த்து வகுத்துக் கொடுத்த இலக்கை அறியாது. சிவப்பைப் பார்த்துப் பயந்து மறுபடி அளந்தால் பயத்தால் இன்னும் கூடுகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் வெள்ளை ஒட்டுத்துணியை அதன் மேல் ஒட்டிவிட்டோம். நினைவகம் இரண்டு பேருடைய அளவுகளை மட்டும் தனித்தனியாக வைத்திருக்கும். யாருக்கு எடுக்கிறோம் என்று பொத்தானை மாற்ற மறந்தால் ஒருவருடைய எண் மற்றவர் கணக்கில் ஏறிவிடும். கைபேசிச் செயலியோடு இணையும் வசதியை இரண்டு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். மருத்துவரின் மேசையில் விரித்து வைக்கும் ஒரு தாளுக்கு அது ஈடாகவில்லை. விளக்கக் கையேட்டின் எழுத்தை என்னாலேயே கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை.

ஒரு வீட்டுக் கருவி ஒன்பது பேருக்குப் பொதுவான கதையையும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் 46 விழுக்காட்டினருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. எங்கள் குடியிருப்பும் அதற்கு விலக்கில்லை. அம்மாவின் கதையைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். இந்த ஒன்பது பேரில் ஒரே ஒரு நோய் மட்டும் உள்ளவர் எவரும் இல்லை. ரத்த அழுத்தத்தோடு நீரிழிவு, நீரிழிவோடு சிறுநீரகக் குறை, மூட்டு வலியோடு தூக்கமின்மை என்று ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று நோய்கள் பின்னிக் கிடக்கின்றன. ஐந்து மாத்திரைகளுக்குக் குறைவாகச் சாப்பிடுபவர் இருவர்தான்.

அந்தப் பின்னல் என்ன செய்யும் என்பதை நோட்டுப் புத்தகத்தில் கீழ் வீட்டு ஐயாவுக்குரிய பக்கத்தில் பார்த்தோம். ஆறு மாதமாக 130ஐ ஒட்டியே இருந்த அவருடைய மேல் அளவு, மூன்று வாரங்களுக்கு மட்டும் 150ஐத் தாண்டியது. மாத்திரை தவறவில்லை, உப்பும் கூடவில்லை என்றார். வேறு ஏதாவது புதிதாகச் சாப்பிடுகிறீர்களா ஐயா என்று துருவிக் கேட்டபோதுதான், முழங்கால் வலிக்காகக் கடையில் தாமாகவே வாங்கிப் போட்டுக்கொண்ட டைக்ளோஃபெனாக் மாத்திரையைப் பற்றிச் சொன்னார். அது மருந்தாயிற்றே, அதனால் எப்படிக் கூடும் என்று அவருக்கு வியப்பு. இந்த வகை வலிநிவாரணிகள் உடலில் உப்பையும் நீரையும் தேங்க வைத்து ரத்த அழுத்தத்தைக் கூட்டும், ரத்த அழுத்த மாத்திரைகள் சிலவற்றின் வேலையைக் குறைக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும். மருத்துவர் வேறு வழி சொல்லி, அதை நிறுத்திய இரண்டு வாரங்களில் எண் பழைய இடத்துக்கே திரும்பியது. நோட்டுப் புத்தகம் இல்லாமல் இருந்திருந்தால், அந்த மூன்று வாரங்களில் ஒரு நாள் அவர் மருத்துவரிடம் போய் இன்னொரு ரத்த அழுத்த மாத்திரையோடு திரும்பியிருப்பார்.

இன்னொருவர் அளக்கும்போது திரையில் இதயச் சின்னம் அலைபோல மின்னியது. சீரற்ற நாடித்துடிப்பைக் குறிக்கும் சின்னம் அது. ஒருமுறை வந்தால் கை அசைந்ததாலும் இருக்கலாம். அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்தது. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய் என்று தெரிந்து, இப்போது ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பக்கவாதத்தின் ஆபத்தை ஏறக்குறைய ஐந்து மடங்கு கூட்டும் அந்த நோய், அவருக்கு வலியோ படபடப்போ எதையும் காட்டாமல்தான் இருந்தது. நோயைக் கண்டுபிடிக்க இந்தச் சின்னம் போதாது, இ.சி.ஜி. எடுக்கச் சொல்லும் ஒரு தூண்டுதலாக மட்டுமே அதைக் கொள்ள வேண்டும். அவருக்கு நாடி சீராக இல்லாததால் ஒவ்வோர் அளவும் மாறி மாறி வருகிறது. மூன்று முறை எடுத்துச் சராசரி எழுதுகிறோம்.

எல்லாருக்கும் இது நன்மையே செய்தது என்று சொல்ல மாட்டேன். மனைவியைப் பக்கவாதத்தில் இழந்த ஒரு பெரியவர், தனக்கென்று ஒரு கருவி வாங்கி ஒரு நாளைக்குப் பதினைந்து முறை அளக்கத் தொடங்கினார். நள்ளிரவில் எழுந்து அளப்பார். 148 வந்தால் உறக்கம் போய்விடும். உறக்கம் போனதால் மறுநாள் 155 வரும். அவருடைய மகள் கருவியைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு வாரம் மட்டும் கொடுக்கிறார். அச்சம் மிகுந்தவர்கள் வீட்டில் இந்த ஏற்பாடு தேவை. 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ ஒரு பக்கக் கை கால் தளர்ச்சியோ இருந்தால், மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மணிக்கட்டில் கட்டும் கருவியை எனக்கு முன்பே ஒருவர் வாங்கி வைத்திருந்தார். கட்டுவதற்கு எளிதுதான், ஆனால் மணிக்கட்டை நெஞ்சுக்கு நேராக நிறுத்தாவிட்டால் எண் தாறுமாறாகப் போகிறது. மேற்கையில் எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டையே இல்லாத கைக்கடிகாரங்களை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம் என்றே ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கம் கூறியிருக்கிறது. மார்பக அறுவை சிகிச்சையில் நெறிக்கட்டிகள் நீக்கப்பட்ட பக்கத்துக் கையிலும், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய் இணைக்கப்பட்ட கையிலும் பட்டையைக் கட்டக் கூடாது. முதல் நாளில் இரண்டு கைகளிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையையே எப்போதும் பயன்படுத்த வேண்டும்.

இந்த வயதுக்கு மேல் அளந்து என்ன ஆகப் போகிறது என்று எண்பத்து மூன்று வயதுப் பாட்டி ஒருவர் வெகு நாள் வராமல் இருந்தார். எண்பதைத் தாண்டியவர்கள் 3,845 பேரிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான 'ஹைவெட்' ஆய்வில், 150/80 என்ற மிதமான இலக்கோடு மாத்திரை எடுத்துக்கொண்டவர்களிடையே இறப்பு 21 விழுக்காடு குறைந்தது. இதயச் செயலிழப்பு பாதிக்கு மேல் குறைந்தது. இந்த எண்களை அவரிடம் சொல்லவில்லை. பக்கவாதம் வராமல் இருந்தால் கடைசி வரை உங்கள் வேலையை நீங்களே செய்துகொள்ளலாம் பாட்டி என்று அம்மா சொன்னார். அடுத்த வாரம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை கருவியை மருத்துவரிடம் எடுத்துப் போய் அவருடைய கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இந்த முறை அவருடையது 138, எங்களுடையது 141. மின்கலம் தளரும்போது காற்று ஏறும் சத்தம் இழுத்து இழுத்து வருவதை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுகிறார். மூன்று ஆண்டுகளில் கருவிக்குப் பழுது எதுவும் வரவில்லை. ஒன்பது பேர் கட்டிப் பிரித்ததில் பட்டையின் ஒட்டும் பகுதிதான் தேய்ந்துபோய், பாதியில் பிரிந்து பிழைக் குறியைக் காட்டத் தொடங்கியது. சென்ற வாரம் அதே நிறுவனத்தின் புதிய பட்டையை வரவழைத்து மாற்றினோம். மாற்றியதும் அம்மா முதலில் உட்கார்ந்து எடுத்த அளவு 131/70. எழுந்து நின்று, சுவரைத் தொடாமல் எடுத்தது 122/68. இரண்டையும் அவரே நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதியைப் போட்டார்.